ஒட்டுகிற புற்றும் ஒட்டாத புற்றும்: விஞ்ஞானி ஹால்டேனின் கதை



நம்ம கேண்டீன் வாசலில் படுத்துக் கிடக்குமே செவலை நாய் மணி, அதைத் தெரியாதவர்கள் இந்தக் காலேஜில் யாரும் இருக்க முடியாது. போன செமஸ்டரில் அதற்குப் பின்பக்கம் காலிஃபிளவர் மாதிரி ஒரு சதைக்கட்டி வந்து, சொட்டுச் சொட்டாக ரத்தம் ஒழுகியது. பார்க்கச் சகிக்காமல் நாங்கள் நாலு பேர் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஒரு ஆட்டோவில் ஏற்றி ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனோம். பரிசோதித்த டாக்டர், இது புற்றுநோய்தான், ஆனால் நாய்க்கு நாய் ஒட்டிக்கொள்ளும் புற்று என்றார். அதுவரை மணியைப் பிடித்துக்கொண்டிருந்த நண்பன் சட்டென்று கையை எடுத்துவிட்டான். டாக்டர் சிரித்தபடி, மனுஷனுக்கு இது ஒட்டாது, பயப்படாமல் பிடி என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் அத்தைக்கு மார்பில் புற்றுநோய் வந்தபோது, அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளை மடியில் உட்காரவிட மாட்டார்கள். ஒட்டிக்கும் என்ற பயம். அத்தை அதைப் புரிந்துகொண்டு, தானாகவே கொல்லைப்பக்கத் திண்ணைக்குப் போய்விட்டார். இன்றைக்கு அத்தை இல்லை. அந்த டம்ளர் மட்டும் என் மனசை விட்டுப் போகவில்லை.

நாய்க்கு ஒட்டுகிற புற்று மனுஷனுக்கு மட்டும் ஏன் ஒட்டுவதில்லை? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு தேடியபோது, பதிலின் வழியெல்லாம் ஒரு மனிதரின் காலடித்தடம் கிடந்தது. அவர்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாக இறந்தவர். அறிவியலில் ஒரு பட்டம்கூட வாங்காமல் உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானி ஆனவர். டிப்ளமோ படிக்கும் நமக்கு இவரைத் தெரிந்திருக்க வேண்டாமா?

சுரங்கத்தில் படித்த பையன்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892 நவம்பர் 5-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன் உடலியல் விஞ்ஞானி. நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் விஷவாயுவில் செத்து விழுவதைத் தடுக்க, தானே சுரங்கத்துக்குள் இறங்கி ஆராய்ந்தவர். வாயு இருப்பதை முன்கூட்டியே காட்ட சின்னப் பறவைகளைக் கூண்டில் எடுத்துப் போகும் வழக்கம் அவரால் பரவியதுதான்.

அந்த அப்பா, மகனையும் சுரங்கத்துக்குள் அழைத்துப் போவார். ஒருமுறை மீத்தேன் வாயு தேங்கிய இடத்தில் பையனை எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடக வசனம் ஒன்றை ஒப்பிக்கச் சொன்னார். பையன் நாலு வரி சொல்வதற்குள் மூச்சு முட்டிக் கீழே விழுந்தான். தரையில் கிடந்ததும் மூச்சு திரும்பிவிட்டது. மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலேதான் தேங்கும் என்பதை அந்தப் பிள்ளை புத்தகத்தில் படிக்கவில்லை, உடம்பால் படித்தான்! பின்னாளில் எதையும் முதலில் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வேர்விட்டது.

ஆக்ஸ்போர்டில் அவர் படித்தது கணிதமும், கிரேக்க, லத்தீன் இலக்கியமும். வீட்டில் தங்கை நவோமியோடு சேர்ந்து கினிப் பன்றிகளும் எலிகளும் வளர்த்து, எந்தக் குணம் எந்தக் குட்டிக்குப் போகிறது என்று கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முதல் உலகப்போர் வந்தது. போர்முனையில் இருந்துகொண்டே எலிகளின் மரபு பற்றிய கட்டுரையை முடித்தார். அது 1915-ல் வெளிவந்தபோது, அதில் பங்குகொண்ட நண்பர் ஸ்ப்ரண்ட் போரில் இறந்திருந்தார். மெசபடோமியாவில் காயம்பட்ட ஹால்டேன் குணமாவதற்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்த மண்ணை அவர் முதன்முதலில் மிதித்தது அப்படித்தான்.

போர் முடிந்து கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் கற்பிக்கும் வேலை. அங்கே இருந்தபடியே 1924 முதல், டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வைக் கணக்கில் கொண்டுவந்தார். நல்ல குணம் ஒன்று கூட்டத்தில் பரவ எத்தனை தலைமுறை ஆகும்? நம்ம மெக்கானிக்ஸ் கணக்கு மாதிரி சமன்பாடு போட்டுக் காட்டினார். அவர், ரொனால்ட் ஃபிஷர், அமெரிக்காவின் சீவால் ரைட் ஆகிய மூவரும்தான் இன்றைய பரிணாமக் கணிதத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்கள்.

எலிக்கட்டியும் ஹால் டிக்கெட்டும்

1933-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மரபியல் பேராசிரியர் ஆனார். அந்தச் சமயம் புற்றுநோய் ஆய்வாளர்களைக் குழப்பிய ஒரு விஷயம் இருந்தது. ஒரு எலியின் புற்றுக்கட்டியை வெட்டி இன்னொரு எலிக்குள் வைத்தால், சில எலிகளில் அது வளரும், சில எலிகளில் கரைந்துபோகும். நெருங்கிய சொந்தத்திலேயே தலைமுறை தலைமுறையாக இனம்பெருக்கிய எலிகளில், ஒன்றின் கட்டி மற்ற எல்லாவற்றிலும் வளர்ந்தது. வேறு வம்சத்து எலியில் வைத்தால் வளரவில்லை.

பலரும் இது புற்றுநோயை எதிர்க்கும் தனிச் சக்தி என்று நினைத்தார்கள். ஹால்டேன் வேறு மாதிரி யோசித்தார். மனிதர்களுக்கு ஏ, பி என்று ரத்த குரூப் இருப்பதுபோல, உடம்பின் சாதாரணத் திசுக்களிலேயே ஆளுக்கு ஆள் மாறுபடும் அடையாளங்கள் இருக்க வேண்டும். கட்டி என்பதற்காக உடம்பு அதை விரட்டவில்லை, அந்நியன் என்பதற்காக விரட்டுகிறது. 1933-லேயே இதை எழுதினார். அவரிடம் மரபியல் கற்ற பீட்டர் கோரர் என்ற இளம் டாக்டர் இந்த யோசனையைக் கையில் எடுத்து, 1930-களின் பிற்பகுதியில் எலிகளில் அந்த அடையாளத்தைக் கண்டுபிடித்தே விட்டார். கோரர் 1961-ல் காலமானார். அதே பாதையில் நடந்த ஜார்ஜ் ஸ்னெல்லுக்கு 1980-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நமக்குப் புரிகிற மாதிரி சொல்லவேண்டுமானால், நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் கிட்டத்தட்ட ஒரு ஹால் டிக்கெட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ரத்தத்தில் சுற்றும் வெள்ளணுக்கள்தான் பறக்கும் படை. டிக்கெட் நம்முடையதா என்று பார்க்கும். நம்பர் மாறினால் ஆள் வெளியே! ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும் ஒரே கரு இரட்டையருக்கு இந்த டிக்கெட் ஒன்றுதான், ஆனால் சொந்தமில்லாத இரண்டு பேருக்கு அது அச்சாக ஒன்றாக அமைவது மிக அபூர்வம். இன்றைக்குச் சிறுநீரக மாற்று ஆபரேஷனுக்கு முன்னால் கொடுப்பவரும் வாங்குபவரும் பொருந்துகிறார்களா என்று டெஸ்ட் எடுக்கிறார்களே, அதில் பார்ப்பதும் இதைத்தான்.

என் அத்தையின் புற்று இன்னொருவரிடம் ஒட்டாததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒருவரின் புற்றுசெல் இன்னொருவர் உடம்புக்குள் போனாலும் அது வேறு நம்பர் டிக்கெட். படை அதை வளரவிடாது. தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், ஒரே டம்ளரில் குடித்தால் புற்றுநோய் வரவே வராது. கருப்பை வாய்ப் புற்றுக்கும் கல்லீரல் புற்றுக்கும் காரணமாகும் சில வைரஸ்கள் ஆளுக்கு ஆள் பரவும் என்பது உண்மை. ஆனால் பரவுவது வைரஸ், புற்று அல்ல. அந்த வைரஸ்களில் சிலவற்றுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. படையின் கண்ணை மருந்தால் கட்டிவைக்கும் உறுப்பு மாற்று ஆபரேஷன் போன்ற மிக அபூர்வமான நேரங்களில் மட்டும், கொடுத்தவரின் புற்று வாங்கியவருக்குப் போனதுண்டு.

முடியாத ஓட்டப்பந்தயம்

1949-ல் ஹால்டேன் நோயும் பரிணாமமும் என்ற பொருளில் ஒரு கட்டுரை வெளியிட்டார். உயிரினங்களைச் செதுக்குவதில் பசி, குளிர், பகைமிருகம் இவற்றுக்கு இணையாக, சில நேரம் அதற்கும் மேலாக, தொற்றுநோய்க்குப் பங்கு உண்டு என்பது அதன் சாரம். கூட்டத்தில் அதிகம் பேர் எந்த மாதிரி இருக்கிறார்களோ அந்த மாதிரியை உடைக்கத்தான் கிருமி கற்றுக்கொள்ளும். அரிதாக இருப்பவன் தப்புவான். தப்பியவன் பிள்ளைகுட்டி பெற்றுப் பெருகினால், கிருமி அவன் பக்கம் திரும்பும். மறுபடி வேறொருவன் தப்புவான். பந்தயம் முடிவதே இல்லை. அதனால், பல மாதிரி ஆட்கள் கலந்திருக்கும் கூட்டமே நிலைக்கும். மத்தியதரைக்கடல் நாடுகளில் பரவலாக இருந்த ஒரு ரத்தசோகை, மலேரியாவிடமிருந்து காப்பதால்தான் அழியாமல் நிலைத்திருக்கலாம் என்றும் அதே காலத்தில் சொன்னார்.

நம்ம டெல்டா விவசாயிக்கு இது புதிதில்லை. ஊர் முழுக்க ஒரே ரகம் நட்டால், குலைநோய் வந்தாலும் புகையான் வந்தாலும் ஒரே வீச்சில் போகும் என்று அப்பா தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

நாயும் டெவிலும் தரும் சாட்சி

இப்போது மணியிடம் வருவோம். நாய்களின் இந்தக் கட்டியை ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி வளர்க்க முடியும் என்று 1876-லேயே ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி காட்டினார். ஆனால் ஒட்டுவது கிருமியா, செல்லா என்பது அப்போது தெரியாது. ஹால்டேன் இறந்து நாற்பது வருஷம் கழித்து, 2006-ல்தான் ஜீன்களைப் பார்த்து உறுதி செய்தார்கள். பல கண்டங்களின் நாய்களில் இருந்த கட்டிகளின் ஜீன்கள் அந்தந்த நாயோடு பொருந்தவில்லை. கட்டிகள் ஒன்றுக்கொன்று பொருந்தின! அதாவது, எப்போதோ வாழ்ந்த ஒரே ஒரு நாயின் புற்றுசெல், அந்த நாய் செத்த பிறகும் சாகாமல், கூடும்போதும் நக்கும்போதும் நாய்க்கு நாய் தாவி இன்றுவரை வாழ்கிறது. 2019-ல் வந்த ஆய்வின்படி அந்த முதல் நாய் ஆசியாவில், 4,000 முதல் 8,500 வருஷங்களுக்கு முன் வாழ்ந்தது. கல்லணை கட்டுவதற்கும் முந்திய ஒரு நாயின் செல் நம்ம கேண்டீன் வாசலில்! நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

வேறு நாயின் செல்லைப் பறக்கும் படை ஏன் விட்டுவைத்தது? இந்தப் புற்று தன் ஹால் டிக்கெட்டைப் பாதி மடித்து மறைத்துக்கொள்கிறது. படையை மந்தமாக்கும் ரசாயனத்தையும் சுரக்கிறது. சில மாதம் இப்படி வளரும். அதன் பிறகு பல நாய்களில் படை விழித்துக்கொள்கிறது, டிக்கெட் தெரிய ஆரம்பிக்கிறது, கட்டி தானாகவே சுருங்குகிறது. பெரும்பாலும் இது உடம்புக்குள் பரவி நாயைக் கொல்வதில்லை. ஆயிரக்கணக்கான வருஷம் சேர்ந்து ஓடியதில் நாயும் புற்றும் ஏறக்குறைய ஒரு சமரசத்துக்கு வந்துவிட்டன. வழியில் தன் மைட்டோகாண்ட்ரியா பழுதானபோது, தங்கியிருந்த நாயிடமிருந்து புதியதை இந்தப் புற்று பலமுறை எடுத்துக்கொண்டிருக்கிறது. பழைய வண்டிக்குப் போகிற ஊரிலெல்லாம் உதிரிபாகம் மாற்றிக்கொள்வது போல.

சமரசம் ஆகாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் பார்க்கலாம். அங்கே டாஸ்மேனியன் டெவில் என்று நாய்க்குட்டி அளவில் ஒரு பிராணி. சண்டையிலும் கூடலிலும் ஒன்றன் முகத்தை ஒன்று கடிக்கும் சுபாவம் உடையது. 1996-ல் அவற்றின் முகத்தில் புற்றுக்கட்டி தெரிந்தது. கடியில் பரவும் புற்று அது. நோய் நெடுநாள் இருந்த இடங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோயின. தீவிலேயே அடைபட்டு வாழ்ந்த அந்த இனத்தில் ஒன்றுக்கொன்று வேறுபாடு குறைவு. போதாததற்கு அந்தப் புற்றும் டிக்கெட்டை மறைக்கிறது. இனமே போய்விடும் என்று பயந்தார்கள். 2014-ல் இரண்டாவதாக ஒரு ஒட்டுகிற புற்றும் அங்கே தென்பட்டது.

ஆனால் ஹால்டேன் சொன்ன பந்தயம் அங்கே கண்ணெதிரே நடந்தது. இரண்டு வயதில் குட்டி போட்ட டெவில்கள், நோய் கொல்லும் முன் முந்திக்கொண்டு ஒரு வயதிலேயே குட்டி போட ஆரம்பித்தன. நாலு முதல் ஆறு தலைமுறைக்குள் அவற்றின் ஜீன்களில் மாற்றம் தெரிந்ததாக 2016-ல் ஆய்வு வந்தது. கட்டி தானே சுருங்கிப் பிழைத்த சில டெவில்களையும் கண்டார்கள். நோய் பரவும் வேகம் தணிந்துவிட்டது என்று 2020-ல் இன்னொரு ஆய்வு சொன்னது. கடலில் வாழும் சிலவகைச் சிப்பிகளிலும் தண்ணீர் வழியாக ஒட்டும் புற்று இருப்பது 2015 முதல் தெரியும்.

சறுக்கிய இடம்

பெரிய மனிதர்களின் வாழ்வை எழுதும்போது குறையை மறைப்பது நம்ம வழக்கம். ஹால்டேன் விஷயத்தில் அது சரியாகாது.

தைரியத்துக்குக் குறைவில்லாதவர் அவர். 1939-ல் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தபோது, காரணம் கண்டுபிடிக்க இரும்பு அறைக்குள் தன்னையே அடைத்துக்கொண்டு காற்றழுத்தத்தை ஏற்றிச் சோதித்தார். இந்தச் சோதனைகளில் வலிப்பு வந்து முதுகெலும்பில் அடிபட்டு, வாழ்நாள் முழுக்க அந்த வலியோடு இருந்தார். கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, தொழிலாளர்களுக்குப் புரியும்படி பத்திரிகையில் நூற்றுக்கணக்கான அறிவியல் கட்டுரைகள் எழுதினார்.

அதே மனிதர், ரஷ்யாவில் லைசென்கோ என்பவர் அரசியல் பலத்தால் மரபியலையே பொய்யென்று ஒழித்தபோது வாய்திறந்து கண்டிக்கத் தயங்கினார். அங்கே நிகோலாய் வாவிலோவ் என்ற மேதை, உலகமெங்கும் சுற்றிப் பயிர்களின் விதைவகைகளைச் சேகரித்தவர். 1928-ல் ஹால்டேனைத் தன் நாட்டுக்கு அழைத்து உபசரித்தவரும் அவர்தான். அவர் 1943-ல் சிறையில் இறந்தார். வேறுபாடுதான் உயிரைக் காக்கும் என்று கணக்குப் போட்டவர், அந்த வேறுபாடுகளைச் சேர்த்துவைத்த நண்பருக்காக உரக்கப் பேசவில்லை. 1950 வாக்கில் கட்சியிலிருந்து விலகினார். ஆனால் அது காலம் கடந்த விலகல். தன் உடம்பைப் பணயம் வைக்கத் தயங்காதவர், தன் பக்கத்து ஆட்களை எதிர்க்கத் தயங்கினார். நம்மில் பலரும் இதே இடத்தில்தானே சறுக்குகிறோம்?

வேட்டி கட்டிய விஞ்ஞானி

1957-ல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயோடு இந்தியா வந்தார். கல்கத்தாவில் மகலநோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். வேட்டி, ஜிப்பா, சைவச் சாப்பாடு. சில வருஷத்தில் இந்தியக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டார்.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கிய மாணவர்களுக்கு அவர் காட்டிய வழி: கண்ணைத் திறந்து பார், எண்ணு! எஸ்.கே. ராய் என்ற இளைஞர் தினமும் காலையில் பவளமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். இரண்டு நெல் ரகங்களைச் சேர்த்து நட்டால் விளைச்சல் என்னாகிறது என்றும் சோதித்தார். டேவிஸ் என்பவர் தென்னை மரங்களில் ஓலைகள் இடப்பக்கம் சுற்றுகின்றனவா வலப்பக்கம் சுற்றுகின்றனவா என்று கணக்கெடுத்தார். நெல், தென்னை, பவளமல்லி! நம்ம வயலும் கொல்லையும்தான் அவருடைய லேப். நிர்வாகத்தோடு மனஸ்தாபம் வந்து அங்கிருந்து வெளியேறி, 1962-ல் ஒரிசா அரசின் ஆதரவில் புவனேஸ்வரத்தில் ஆய்வுக்கூடம் தொடங்கினார்.

கடைசிப் பாடம்

விதியைப் பாருங்கள். புற்றுக்கட்டி ஏன் ஒட்டுவதில்லை என்று வழிகாட்டியவருக்கே மலக்குடலில் புற்றுநோய் வந்தது. 1964-ன் தொடக்கத்தில் லண்டனில் ஆபரேஷன். அந்தக் காலத்தில் இந்த நோயின் பெயரையே வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி தன் புற்றுநோயைப் பற்றி ஒரு வேடிக்கைக் கவிதை எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டார். சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் சீக்கிரம் டாக்டரிடம் போங்கள் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். தன் இரங்கல் உரையைத் தானே பேசி பிபிசிக்குப் பதிவு செய்தும் கொடுத்தார்.

1964 டிசம்பர் 1-ஆம் தேதி புவனேஸ்வரத்தில் காலமானார். அவர் விருப்பப்படி உடல், ஆந்திராவில் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்களின் படிப்புக்காகக் கொடுக்கப்பட்டது. சுரங்கத்தில் விழுந்த நாள் முதல் சோதனைப் பொருளாக இருந்த உடம்பு, கடைசியில் பாடப்புத்தகம் ஆனது.

நண்பர்களே! ஹால்டேன் கணக்கில் போட்டதை நம்ம மண்ணிலும் ஒருவர் செய்து காட்டினார். திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். அவரும் 2018-ல் புற்றுநோயால்தான் நம்மை விட்டுப் போனார். வயலில் ஆயினும் உடம்பில் ஆயினும் எல்லாம் ஒன்றுபோல் இல்லாததுதான் நமக்குக் காவல்.

மணிக்கு வாரம் ஒரு ஊசி வீதம் நாலு வாரம் போட்டார்கள். வின்கிறிஸ்டின் என்று மருந்தின் பெயர். அது நம்ம வீட்டு வாசலில் பூத்துக் கிடக்கும் நித்யகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. மனிதர்களின் ரத்தப்புற்றுக்கும் அதே மருந்து உண்டு. கட்டி கரைந்து, மணி இப்போது பழையபடி கேண்டீன் வாசலில்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், தயவுசெய்து தனி டம்ளர் வைக்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் குடித்த டம்ளரிலேயே வாங்கிக் காபி குடியுங்கள். என் அத்தைக்கு நான் செய்யத் தவறியது அதுதான்.



– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு